வன்னியின் நோயும் வைத்தியக் கல்வியின் மூன்று வழிகளும்

இலங்கையில் மேலைத்தேய வைத்தியக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதியையே அதன் தொடக்கமாகக் கொள்வர். அன்றுதான் தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் கொழும்பு வைத்தியப் பள்ளியைத் திறந்துவைத்தார். அதுவரை முறையான வைத்தியக் கல்வி பெற விரும்பிய இலங்கையர் பெரும்பாலும் கடல் கடந்து கல்கத்தாவுக்கோ ஐரோப்பாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. அந்நிலை மாறிய நாள் என்ற வகையில் அத்திகதி சிறப்புடையதே. ஆயினும், அவ்வரலாற்றில் ஒரு செய்தி ஒற்றை வரியிற் கூறப்பட்டு விடப்படுவதைக் காண்கிறோம். அப்பள்ளி தோன்றுதற்கு ஏதுவாயிருந்த அறிக்கை கொழும்பைப் பற்றியதன்று. அது வன்னியைப் பற்றியது. வன்னிப் பகுதியில் மக்கட்டொகை அருகி வருதலின் காரணங்களை ஆராயும்படி றொபின்சன் தேசாதிபதி, வட மாகாணக் குடியேற்ற நாட்டுச் சத்திரவைத்தியராயிருந்த ஜேம்ஸ் லோசைப் பணித்தார். லோஸ் தமது அறிக்கையிற் கூறிய பரிந்துரைகளுள் ஒன்று, கொழும்பில் வைத்தியப் பள்ளியொன்று நிறுவப்படவேண்டும் என்பதாகும். பள்ளி திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே ஆயினார்.

இந்த ஒற்றை வரியை விரித்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வன்னியின் நோய் கொழும்பில் ஒரு பள்ளியைத் தோற்றுவித்தது. அப்பள்ளி வன்னிக்கு என்ன அளித்தது? அதற்கு முன்னரும் அதே காலத்திலும் திறந்திருந்த வேறு வழிகள் யாவை? வைத்தியம் கற்கச் செல்பவன் எங்கே சென்று, எம்மொழியிற் கற்று, யாரிடம் திரும்பி வருகிறான் என்னும் வினா இன்றும் தீர்ந்துவிடாத வினா. அதன் வேர்களை 19ஆம் நூற்றாண்டிலே தேடுதல் பயனுடைத்து.

1. அருகிவந்த ஊர்கள்

முதலில் 'வன்னி' என்ற பெயரின் பரப்பைப் பற்றி ஒரு சொல். இன்று வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என மூன்று மாவட்டங்களாக அறியப்படும் பெருநிலப்பரப்பு நிர்வாக வரைபடத்தில் இவ்வடிவத்தைப் பெற்றது அண்மைக் காலத்திலாகும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலுமே தனித்தனியாக அமைக்கப்பட்டன. 1833இல் வகுக்கப்பட்ட வட மாகாணமோ, 1873இல் வட மத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை நுவரகலாவியையும் தன்னுள் அடக்கியிருந்தது. ஆதலின் 1860களின் ஆங்கில நிர்வாகிகள் 'வன்னி' என்று கூறும்போது இன்றைய எல்லைகளை அதன்மீது அப்படியே பொருத்திப் பார்த்தல் தகாது. காடும் குளமும் வயலுமாகிய ஓர் உலர்வலய நிலப்பரப்பையே அவர்கள் அச்சொல்லால் உணர்ந்தனர்.

அந்நிலப்பரப்பின் நலிவுக்குப் பல காரணங்கள் சேர்ந்திருந்தன. வன்னியர்களின் ஆட்சி ஒல்லாந்தராற் சிதைக்கப்பட்டது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அதே ஆண்டில் ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்டபின், அப்பகுதியில் உள்ளூர்த் தலைமை என்று சொல்லத்தக்கது எஞ்சவில்லை. குளங்கள் வன்னியின் உயிர்நாடி. ஒரு குளத்தின் அணை உடைந்தால் அதன் கீழுள்ள வயல் தரிசாகும். வயல் தரிசானால் ஊர் பெயரும். குளத்தைப் பேணுதற்கு ஊரவரின் கூட்டு உழைப்பும் அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் வேண்டும். தலைமை அற்றுப்போனதும், 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதும் அவ்வொழுங்கைத் தளர்த்தின. இராசகாரியம் மக்களுக்குச் சுமையாயிருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அதை நீக்கியோர் குளங்களைப் பேணுதற்கு வேறு ஏற்பாடெதனையும் உடனடியாகச் செய்திலர். நீர்ப்பாசனத்துக்கான கட்டளைச் சட்டம் 1856இலேயே வந்தது.

உடைந்த குளம் பஞ்சத்தை மட்டுமன்றி நோயையும் தந்தது. முறைக்காய்ச்சல் என்று மக்கள் வழங்கிய மலேரியா, தேங்கிய நீர்க்குட்டைகளிலும் வற்றும் ஆற்றுப் படுகைகளிலும் பெருகும் நுளம்பினாற் பரவுவது என்பதை இன்று நாம் அறிவோம். லோசின் காலத்தில் அதனை எவரும் அறிந்திலர். நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நிறுவியது 1897இலேயாம். அதுவரை தீய காற்றும் சதுப்பு நிலத்தின் ஆவியுமே காய்ச்சலுக்குக் காரணம் என்று கற்றோரும் நம்பினர்.

மற்றைய நோய் பறங்கி. தோலிற் புண்ணாகத் தோன்றி நாளடைவில் எலும்பையும் மூட்டையும் அரித்து, மனிதனை உழைக்க இயலாதவனாக்கும் கொடிய நோய் அது. கொல்வதிலும் முடமாக்குவதே அதன் இயல்பு. கூட்டு உழைப்பால் வாழும் வேளாண் சமூகத்தில் முடமானோர் பலராயின், குளக்கட்டில் மண் சுமப்பார் யார்? மண் சுமப்பார் இன்றேல் குளம் உடையும். குளம் உடையின் உணவு குறையும். உணவு குறையின் நோய் மிகும். இச்சுழலுட் சிக்கிய ஊர்கள் ஒவ்வொன்றாகக் காட்டிடம் போயின. பறங்கிக்குக் கெட்ட நீரும் சத்தற்ற உணவுமே காரணம் என்னும் கருத்து அக்கால அதிகாரிகளிடையே வலுப்பெற்றிருந்தது. குடியியல் வைத்தியத் தலைமை அதிகாரியாயிருந்த கின்சி 1881இல் இந்நோய் பற்றித் தனி அறிக்கையொன்றையே வெளியிட்டார். அதன் உண்மையான கிருமியை 1905இல் கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய அறிஞர் அல்டோ கஸ்தெலானி கண்டறிந்தார்.

நோயுற்ற வன்னி மக்களுக்கு வைத்தியமே இல்லாதிருந்தது என்று கொள்ளுதல் பிழை. மூலிகை வைத்தியரும் விஷகடி வைத்தியரும் ஊர்தோறும் இருந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்து மரபிலே வந்த பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் வழக்கிலிருந்தன. பறங்கிப் புண்ணுக்குப் பறங்கிப்பட்டை பயன்பட்டது. அம்மை கண்டவிடத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனையும், பாம்பு தீண்டியவிடத்துப் புதூர் நாகதம்பிரானையும் மக்கள் நினைந்தனர். ஆனால் ஊரே பெயரும்போது அவ்வூரின் வைத்தியரும் பெயர்வார். அவரது ஏட்டுச்சுவடியும் அவரோடு போகும். மக்கட்டொகையின் வீழ்ச்சி சுதேச வைத்திய மரபின் வீழ்ச்சியாகவும் அமைந்தது.

2. முதல் வழி: கல்கத்தா

இத்தகைய நோய்களை எதிர்கொள்ள அரசாங்கத்திடம் இருந்த வைத்தியர் யாவர்? 19ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் அவர்கள் பெரும்பாலும் படையோடு வந்த ஆங்கிலச் சத்திரவைத்தியரே. அவர்களுக்குத் துணையாக அம்மைப்பால் குத்துவோரும் வைத்தியசாலை உதவியாளரும் உள்ளூரிற் பயிற்றப்பட்டனர். முழுமையான கல்வி பெற்ற இலங்கையர் வேண்டுமென்ற எண்ணம் 1830களின் இறுதியிற் செயல் வடிவம் பெற்றது. தெரிந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அரசாங்கச் செலவிற் கல்கத்தாவிலிருந்த வங்காள வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர்.

அக்கல்லூரி அப்போது மிகப் புதியது. 1835இல் தேசாதிபதி பெந்திங்கு பிரபுவின் ஆணையால் அது நிறுவப்பட்டது. அதற்கு முன் 1822 முதல் கல்கத்தாவில் இயங்கிய சுதேச வைத்திய நிலையத்தில் வைத்தியம் இந்நாட்டு மொழிகளிற் கற்பிக்கப்பட்டு, யுனானி, ஆயுர்வேத நூல்களும் மேலைநாட்டு நூல்களும் அருகருகே படிக்கப்பட்டன. மெக்காலேயின் புகழ்பெற்ற கல்விக் குறிப்பு வெளிவந்த அதே 1835இல் அந்நிலையம் மூடப்பட்டது. புதிய கல்லூரியின் மொழி ஆங்கிலம் எனத் தீர்மானமாயிற்று. 1836இல் அங்கு மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்துப் பரிசோதித்த நிகழ்ச்சி இந்திய வைத்திய வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. ஆயுர்வேதம் கற்ற வைத்திய மரபினர் ஒருவர் சாத்திரத் தடையெனக் கருதப்பட்ட ஒன்றைத் தாண்டிய செயல் அது. இவ்வாறு, இலங்கை இளைஞர் சென்று சேர்ந்த கல்லூரி, ஒரு மொழிக் கொள்கையின் வெற்றியையும் ஒரு சமூக வழக்கின் தளர்ச்சியையும் ஒருங்கே கண்ட இடமாயிருந்தது.

அம்மாணவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீராவிக் கப்பற் சேவை 1840களிற் சுயசுக்கும் கல்கத்தாவுக்குமிடையே காலி, சென்னைத் துறைகள் வழியாக நடைபெறத் தொடங்கியது. அதற்கு முன் சென்றோர் பாய்க்கப்பலில் வங்காள விரிகுடாவைக் கடந்தனர். வகுப்பிற் கேட்ட மொழி ஆங்கிலம். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த நோயாளியின் மொழி வங்காளமோ இந்துஸ்தானியோ ஆகும். திரும்பி வந்து அவன் மருந்து கொடுக்கவேண்டிய நோயாளி பேசுவதோ தமிழ் அல்லது சிங்களம். 'எங்கே நோகிறது' என்னும் வினாவை மூன்று மொழிகளில் மூன்று முறை அவன் கற்க வேண்டியவனானான். அவற்றுள் தாய்மொழியில் மட்டும் அதனை எவரும் அவனுக்கு முறையாகக் கற்பிக்கவில்லை.

இவ்வழியின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. கல்கத்தாக் கல்லூரி அக்காலத்து ஆசியாவின் சிறந்த வைத்தியக் கல்வி நிலையங்களுள் ஒன்று. 1845இல் அதன் மாணவர் நால்வர், துவாரகநாத் தாகூர், பேராசிரியர் குடீவ் ஆகியோரின் ஆதரவோடு இலண்டனுக்குச் சென்று உயர்கல்வி பெற்றமை அதன் தரத்துக்குச் சான்று. அங்குக் கற்ற இலங்கையரும் திறமையுடையோராய்த் திரும்பினர். ஆயினும் இரண்டு குறைகள் வெளிப்படை. ஒன்று தொகை. ஆண்டுதோறும் அரசாங்கச் செலவில் அனுப்பத்தக்கோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. ஒரு தீவின் தேவைக்கு அது போதாது. மற்றையது திசை. கடல் கடந்து சென்று, பெருஞ்செலவிற் பட்டம் பெற்று வந்த ஒருவரைப் பட்டணத்து வைத்தியசாலைகளே முதலில் வேண்டி நின்றன. காய்ச்சலுக்கு அஞ்சி அதிகாரிகளே தங்கத் தயங்கிய முல்லைத்தீவுக்கு அவரிற் சிலரேனும் விரும்பிச் செல்வர் என எதிர்பார்த்தல் அரிது.

3. இரண்டாம் வழி: மானிப்பாய்

இதே காலத்தில் வன்னியின் வடக்கே, ஆனையிறவுக் கடனீரேரிக்கு அப்பால், முற்றிலும் வேறான ஒரு முயற்சி நடைபெற்றது. கல்கத்தா வழியில் மாணவன் ஆசிரியரைத் தேடிச் சென்றான். மானிப்பாய் வழியில் ஆசிரியர் மாணவனைத் தேடி வந்தார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். 1857வரை முதன்முறையும், 1862 முதல் 1873வரை இரண்டாம் முறையும் அவர் அங்குப் பணியாற்றினார். அவரிடம் கற்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்படுவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்மொழி வாயிலாகக் கற்றோராவர்.

தொடக்கத்தில் கிறீனும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்ற மாணவர் அவருக்குக் கிடைத்தமையால் அது இயல்பாயிருந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்கச் சம்பளத்தை நாடித் தொலைவிடங்களுக்குச் செல்வர். தமிழிற் கற்றோரே தம் ஊரில், தம் மக்களிடையே நிலைத்து நின்று தொழில் செய்வர் என்பதே அது. கற்பிக்கும் மொழி, கற்றவன் வாழும் இடத்தையும் தீர்மானிக்கிறது என்று உணர்ந்த அவர், வைத்தியம் முழுவதையும் தமிழிற் கற்பிக்க முற்பட்டார். தம் மாணவர் உடையிலும் பழக்கவழக்கங்களிலும் மேனாட்டாராய் மாறிவிடுதலை விரும்பாதவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே. கிறீனும் அவர்தம் மாணவரும் சேர்ந்து ஆக்கிய நூல்களின் பட்டியல் வியப்பூட்டுவது. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், பிள்ளைப்பேற்றுக்குப் பிரசவ வைத்தியம், சத்திர வைத்தியத்துக்கு இரண வைத்தியம், நோய் நீக்கலுக்கு வைத்தியாகரம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம், உடலியக்கத்துக்கு மனுஷ சுகரணம் என ஒரு கல்லூரிப் பாடநெறிக்கு வேண்டிய யாவும் தமிழில் வந்தன. பெயர்களை நோக்கின் அவரது கலைச்சொல் முறையும் விளங்கும். வழக்கிலுள்ள சொல் கிடைத்தவிடத்து அதனையும், கிடையாதவிடத்து வடமொழிச் சொல்லையும், அதுவும் பொருந்தாதவிடத்து மூலச்சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பவும் எடுத்தாண்டார். டான்போர்த், சப்மன் முதலிய மாணவரின் உழைப்பின்றி இம்மொழிபெயர்ப்புகள் நிறைவேறியிரா. அமெரிக்க உபகாரிகளின் பெயரைத் தாங்கிய இத்தமிழ் இளைஞர், ஆங்கில நூல்களைத் தமிழாக்கினர். வெளிநாட்டுக் கல்வியை உள்நாட்டிலிருந்தே பெற்ற மாணவர் என்று இவர்களைக் குறிப்பிடுதல் தகும்.

கிறீனின் முயற்சியை அரசாங்கமும் ஓரளவு ஆதரித்தது. தமிழிற் கற்கும் வைத்திய மாணவருக்காக 1860களில் அரசாங்க உதவிப்பணம் வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் நிறுவப்பட்ட நண்பர் உதவிச் சங்க வைத்தியசாலை அப்பகுதியின் வைத்தியப் பணிக்கு ஒரு நிலைக்களம் அளித்தது. எனினும், கிறீன் 1873இல் நாடு திரும்பியபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடிக்கவில்லை. 1884இல் வூஸ்ரரில் அவர் காலமானார். காரணம் நூல்கள் இன்மையன்று; நூல்கள் அச்சிலிருந்தன. மாணவர் இன்மையும் அன்று. அரசாங்க சேவையின் வாயில் ஆங்கிலத்திலேயே திறந்தது. 1870இன் பின் அவ்வாயிலின் பெயர் கொழும்பு வைத்தியப் பள்ளி என்பதாயிற்று.

4. மூன்றாம் வழி: கொழும்பு

லோசின் அறிக்கை இவ்விரு வழிகளுக்குமிடையே எழுந்தது. கல்கத்தா வழி போதாது என்பதை வன்னியின் நிலை காட்டிற்று. மக்கள் மாள்வது மருந்தின்மையால் மட்டுமன்று என்பதை அக்காலத்து நிர்வாகிகள் உணர்ந்திருந்தனர். நீரும் உணவும் குளமும் அவர்களது கவனத்திற்கு வந்தன. ஆனால் ஊர்ப்புறங்களுக்குச் சென்று நோயாளியைப் பார்க்கத்தக்க பயிற்சி பெற்றோர் பலர் வேண்டும், அவர்களைக் கடல் கடந்து அனுப்பிப் பெறுதல் இயலாது என்பதும் தெளிவாயிற்று. அவ்வகையில் 1870இன் பள்ளி, வெளிநாட்டுக் கல்வியின் போதாமைக்கு வன்னியின் துயரம் தந்த விடையாகும்.

பள்ளி மூன்றாண்டுப் பாடநெறியோடு தொடங்கியது. 1875இல் முதலியார் சம்சன் ராஜபக்ச வழங்கிய நிலம் அதற்கு நிலையான இடமளித்தது. இரண்டாம் தலைவரான எட்வின் லோசன் கோக் 1877இல் மறைந்தார். அவர் நினைவாக 1881இல் எழுப்பப்பட்ட மணிக்கோபுரம் இன்றும் கொழும்பு மருத்துவ பீடத்தின் முன் நிற்கின்றது. 1880இல் பள்ளி, இலங்கை வைத்தியக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அப்பத்தாண்டிலேயே அதன் சான்றிதழைப் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. 1892இற் பெண்களும் அனுமதிக்கப்பட்டனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது கல்லூரி அதன் மருத்துவ பீடமாயிற்று.

இவ்வளர்ச்சி பெருமைக்குரியது. ஆயினும் அதன் திசையைக் கவனித்தல் வேண்டும். வன்னியின் தேவைக்கெனக் கேட்கப்பட்ட பள்ளி, இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் இலண்டன் மன்றத்தின் ஏற்பைப் பெறும் கல்லூரியாக உயர்ந்தது. உயர்ந்த தரம் வேண்டத்தக்கதே. தாழ்ந்த வைத்தியத்தை ஏழைக்கு என ஒதுக்குவதை எவரும் ஏற்கார். ஆனால் பிரித்தானிய ஏற்பு கிடைத்ததும் பிரித்தானியாவுக்குச் செல்லும் வழியும் திறந்தது. கொழும்பிற் கற்றவர் மேற்படிப்புக்கு இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் செல்வது தகுதியின் அடையாளமாயிற்று. கல்கத்தாவுக்குச் செல்லும் தேவையை நீக்கிய பள்ளியே, அதனினும் தொலைவான நாட்டுக்குச் செல்லும் ஆவலை வளர்த்தது. வைத்தியர் ஒருவரின் வாழ்க்கைப் பாதை கொழும்பை நோக்கியும் அங்கிருந்து கடலை நோக்கியும் அமைந்தது. வன்னியை நோக்கி அமையவில்லை.

5. வன்னிக்கு வந்தவை

வன்னிக்கு ஒன்றும் வரவில்லை எனக் கூறுதலும் மிகையாகும். நூற்றாண்டின் இறுதியில் வன்னியிற் பணியாற்றிய லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், ஆட்சியாளரின் பார்வை அப்பகுதியிற் பதிந்திருந்தமைக்குச் சான்று. வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் மெல்ல மெல்லத் தோன்றின. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை வவுனியாவை ஊடறுத்து யாழ்ப்பாணத்தை எட்டியபோது, நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் எளிதாயிற்று. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியது. அதனை அடுத்தெழுந்த குடியேற்றங்களே இன்றைய கிளிநொச்சிக்கு அடித்தளமாயின.

ஆயினும், வன்னிக் கிராமத்தவன் நேரிற் கண்ட மேலைத்தேய வைத்தியர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். 'அப்போதிக்கரி' என்று மக்கள் வழங்கியவரே ஆவர். குறுகிய காலப் பயிற்சி பெற்று, சிறு மருந்தகத்தைத் தனியே நடத்தி, குயினைனும் கலவை மருந்தும் கொடுத்து, காயங் கட்டி, பேறு பார்த்து, இயலாதபோது வண்டி பிடித்துப் பட்டணத்துக்கு அனுப்பிய அவரது பெயர் வைத்திய வரலாற்று நூல்களில் அருகியே காணப்படும். லோஸ் அறிக்கையின் உண்மையான நோக்கத்தை நிறைவேற்றியோர் இவர்களே எனலாம். உயர்கல்வியின் ஏணி மேலே நீண்டபோது, அடிப்படியில் நின்று நோயாளியைத் தாங்கியவர் அப்போதிக்கரியே.

நோய்களும் இறுதியில் அடங்கின. பறங்கிக்குப் பெனிசிலின் ஊசி முடிவு கட்டியது. 1946 முதல் வீடுதோறும் தெளிக்கப்பட்ட டீ. டீ. ரீ. மலேரியாவை வீழ்த்தியது. 1963இல் நாடு முழுவதும் 17 பேரே அந்நோய்க்கு ஆளாயினர். பின் 1960களின் இறுதியில் அது மீண்டும் பெருகிற்று. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் அதன் புகலிடமாயின. 2012இன் பின் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அச்சான்றின் பின்னணியில் ஆய்வுகூடத்து அறிஞர் மட்டுமல்லர். காட்டோரக் கிராமங்களில் விரல் குத்திக் குருதித் துளி எடுத்து, கண்ணாடித் தகட்டிற் பூசி அனுப்பிய சிறு ஊழியரும் நிற்கின்றனர். 2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் வன்னியில் எஞ்சி நின்று பணிசெய்த வைத்தியரும் தாதியரும் தொண்டரும் தொகையிற் சிலரே என்பதையும் இங்கு நினைவுகூர்தல் கடன்.

6. மூன்று வழிகளும் ஒரு கடனும்

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கல்கத்தா வழி, மாணவனை வெளிநாட்டுக்கு அனுப்பி, வெளிநாட்டு மொழியிற் கற்பித்தது. மானிப்பாய் வழி, வெளிநாட்டு அறிவை உள்நாட்டுக்குக் கொணர்ந்து, உள்நாட்டு மொழியிற் கற்பித்தது. கொழும்பு வழி, உள்நாட்டில் வைத்து வெளிநாட்டு மொழியிற் கற்பித்தது. மூன்றனுள் நிலைபெற்றது மூன்றாவதே. அரசாங்கத்தின் ஆதரவும் பேரரசின் ஏற்பும் அதற்கிருந்தன.

கிறீனின் வழி வென்றிருந்தால் வன்னி நலம்பெற்றிருக்கும் என்று உறுதியாகக் கூறவியலாது. கலைச்சொற்கள் நாளடைவிற் பழமைப்பட்டிருக்கலாம். புதிய ஆராய்ச்சிகளைத் தமிழில் உடனுக்குடன் கொணர்தல் எளிதன்று. கிறீனிடம் கற்றோரும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலேயே பெரிதும் தங்கியிருக்கலாம். கல்கத்தாவிலேயே பின்னர் இந்துஸ்தானி வகுப்பும் வங்காள வகுப்பும் சேர்க்கப்பட்டபோது, அவற்றிற் கற்றோர் ஆங்கில வகுப்பினருக்குத் தாழ்ந்தோராகவே மதிக்கப்பட்டனர். மொழியொன்றே யாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் கிறீன் எழுப்பிய வினாவின் கூர்மை இதனாற் குறைவதில்லை. எங்கே கற்றான் என்பதைவிட, கற்றவன் எங்கே வாழ விரும்பும்படி அக்கல்வி அவனை உருவாக்குகின்றது என்பதே அவ்வினா. கொழும்புப் பள்ளி இதனைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கப்பட்டது. வன்னி மாணவருக்கு வைத்தியக் கல்வி புவியியல் வகையில் நெருங்கி வந்த ஆண்டு அது. எனினும், சிறப்பு வைத்தியராக விரும்புவோர் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டிற் பெறும் வழக்கம் இன்றும் தொடர்கின்றது. வெளிநாடுகளில் வைத்தியம் கற்று வந்தோர், தாயகத்தில் மீண்டும் ஒரு பரீட்சையை எதிர்கொள்கின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டை நீங்கியபோது, முதலில் வெறுமையை உணர்ந்தவை தூரப்பகுதி வைத்தியசாலைகளே. வெளிநாடு சென்று கற்றல் குற்றமன்று. அறிவுக்கு எல்லை வகுத்தல் அறிவுடைமையாகாது. கல்கத்தாவுக்குச் சென்ற இளைஞரும், அமெரிக்காவிலிருந்து வந்த கிறீனும் இல்லையெனின் இந்நாட்டு வைத்தியம் இன்றைய நிலையை எய்தியிராது.

ஆயினும், இந்நாட்டில் வைத்தியம் கற்கும் ஒவ்வொருவரும், அவர் எம்மொழியினராயினும் எவ்வூரினராயினும், ஒரு கடனுக்குரியவர். அவர் கற்கும் கல்வி மரபின் தொடக்கத்திலே, பெயர் தெரியாத வன்னிக் கிராமத்தவர் நிற்கின்றனர். குளம் உடைந்து, காய்ச்சலாலும் புண்ணாலும் வருந்தி, ஊர் கலைந்து மறைந்த மக்கள் அவர்கள். அவர்களுள் எவரும் அப்பள்ளியிற் கற்றிலர். எவரும் அதன் வைத்தியரால் நலம்பெற்றதாகத் தம் வரலாற்றை எழுதிவைத்திலர். அவர்களது மறைவே அப்பள்ளியைக் கேட்டது. கொழும்பு மருத்துவ பீடத்தின் முன்னுள்ள மணிக்கோபுரம் அதன் ஆசிரியர் ஒருவரை நினைவூட்டுகின்றது; அது தக்கதே. அப்பீடம் எழக் காரணமாயிருந்த ஊர்களை நினைவூட்டக் கல் எதுவும் இல்லை. வரலாறு எழுதுவோர் அவ்வொற்றை வரியைக் கடந்து செல்லாதிருத்தலும், வைத்தியம் கற்போர் அவ்வூர்கள் இருந்த திசையை அறிந்திருத்தலும் அந்நினைவின் தொடக்கமாக அமையும்.